வர்ணம் அடித்த தூண்கள்

அமெரிக்காவில் நூற்றைம்பது வருஷக் கட்டடம் ஒன்று இருந்தால் அதற்கு வேலி போட்டு, பலகை வைத்து, சரித்திரச் சின்னம் என்கிறார்கள். நான் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன், மரக்காணத்துக்காரன். எங்கள் பக்கத்து இரும்பை கிராமத்துச் சிவன் கோயிலில் செருப்பு விடுகிற இடத்துக்கே அதைவிட வயது அதிகம் என்று காரிலேயே சொன்னேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரை ஓட்டிய பையன் "யெஸ், மாமா" என்றான். அவனுக்கு அவள் கற்றுக்கொடுத்திருந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

அவனைக் கல்யாணம் செய்துகொள்ள என் சம்மதம் கேட்டுத்தான் அவள் என்னை வரவழைத்திருந்தாள். "அவங்க தாத்தாவ ஒரு தடவ பாத்துடுங்கப்பா. அப்புறம் சரின்னாலும் வேணாம்னாலும் சொல்லுங்க" என்றாள். வேணாம் என்று மீனம்பாக்கத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் நான் விமானம் ஏறியிருந்தேன்.

பையன் வீட்டார் மார்மன் மதத்தினர், ஒரு காலத்தில் பலதார மணம் செய்துகொண்ட கிறிஸ்தவப் பிரிவு. அவர்களுடைய ஊருக்கு ஒரே தெரு, ஒரு பெட்ரோல் பங்க், நடுவில் அந்த நூற்றைம்பது வருஷ ஜெபக்கூடம். வண்டி கட்டிக்கொண்டு பாலைவனத்துக்கு முதன்முதலில் குடிவந்தவர்கள் தங்கள் கையால் கட்டியதாம். உள்ளே சிலுவை இல்லை, விளக்கு இல்லை, ஒரு படம்கூட இல்லை. வரிசையாகப் பெஞ்சுகள், எதிரே ஒரு பெரிய ஆர்கன் வாத்தியம். லீவு நாளில் வானூர் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"சாமி எங்க? வெளியூர் போயிருக்காரா?" என்றேன்.

"மெதுவா பேசுங்கப்பா."

"தமிழ்லதான பேசறேன்."

"நீங்க சிரிக்கிறது எல்லா பாஷையிலயும் புரியும்."

வருகிறவர்களுக்குக் கூடத்தைச் சுற்றிக்காட்டுவது பையனுடைய தாத்தாதான். நெடிய உருவம், வெள்ளைச் சட்டை, காதில் கருவி. ஒரு பளிங்குத் தூணைக் காட்டித் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினால் மரம். அந்த மலைகளில் அவர்களுக்குக் கிடைத்தது மட்டமான பைன் மரம் மட்டும். கடவுளுக்கு அது போதாது என்று வர்ணம் பூசி, இறகால் பளிங்கு ரேகை இழுத்திருக்கிறார்கள். பெஞ்சுகளுக்கு ஓக் மரத்தின் ரேகை. அவர் அதை மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். கடவுளிடமே டூப்ளிகேட்டா என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. அந்தத் துணிச்சலில், வரும்போதே தயாராக வைத்திருந்த கேள்வியை எடுத்தேன்.

"இதைக் கட்டிய உங்கள் முன்னோருக்கு எத்தனை மனைவிகள்?"

பையனின் முகம் சிவந்தது. கிழவருக்குக் காதில் விழவில்லை. கருவியைத் திருகிக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். உரக்கக் கேட்டேன். கூடம் முழுக்க என் கேள்வி எதிரொலித்தது.

"மூன்று" என்றார். "நான் மூன்றாமவள் வழி." கடைசி வரிசையில் ஒரு பெஞ்சைக் காட்டினார். அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்த இடம் அது. மூத்தவளின் இடம் முன் வரிசை. பலதார மணத்துக்கு அரசாங்கம் தடை போட்ட பிறகு, வெளியே அவளை மனைவி என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. "அப்பா பேர் கேட்டால் சொல்லக் கூடாது என்று அவள் மகளான என் பாட்டிக்குச் சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தார்களாம். சாகும்வரை அதை அவள் மறக்கவில்லை. இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வீட்டுக்காரர்களும் இங்கே கூடிச் சாப்பிடுகிறோம். ஆரம்பத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை." பிறகு, ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பதைப் போல, "உங்கள் தகப்பனாருக்கு?" என்றார்.

"ஒன்று" என்றேன்.

வெளியே வந்ததும் மகள் என்னைத் தனியாக நிறுத்தினாள். "ஒண்ணுதானாப்பா?"

"உனக்கு யார் சொன்னா?"

"மரக்காணத்துல யார் சொல்லல? ஸ்கூல் பஸ்லயே சொல்லிட்டாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, கேட்டுக்கறேன். ஆனா அவங்க வீட்ல மூணு பொண்டாட்டின்னு மட்டும் காரணம் சொல்லாதீங்க."

என் அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. அதில் உப்பு வாரிய ஒரு பெண்ணோடு அவருக்கு இன்னொரு குடும்பமும் இருந்தது. ஒரு மகன். அப்பா இறந்த அன்று அவன் மாலையோடு வந்தான். வாசலில் நின்றவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். நான்தான் மறித்தேன். "யாருய்யா நீ? உப்பளத்து ஆளுங்கல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க." அவன் முகத்தில் இருந்தது என் அப்பாவின் மூக்கு. அவன் மாலையோடு திரும்பிப் போனான். மறுநாள் அந்த மாலை உப்பளத்து வரப்பில் கிடந்தது. ராஜாக்களின் பட்டத்து ராணிகளையும் மற்றவர்களையும் வகுப்பில் கூச்சமில்லாமல் வரிசைப்படுத்திச் சொன்ன வாய்தான் இது.

கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுக்க என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். அந்தக் கூடம் இன்றைக்கும் எனக்கு அழகாகத் தோன்றவில்லை.

வரவேற்பை மரக்காணத்தில் வைத்தோம். அதற்கு முன்னால் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு தட்டை எடுத்துக்கொண்டு பொம்மையார்பாளையம் போனேன். ஈ.சி.ஆர். ரோட்டோரம், அன்று வாசலில் நான் மறித்தவன் டீக்கடை வைத்திருக்கிறான். தலை என்னுடையதைவிட நரைத்திருந்தது.

"வாங்க சார். டீயா?"

"பொண்ணுக்குக் கல்யாணம். கூப்பிட வந்தேன்."

"சந்தோஷம்." கழுவிக்கொண்டிருந்த கிளாசைக் கீழே வைக்கவில்லை. "யாருன்னு கூப்புடுறீங்க? உப்பளத்து ஆளாவா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பின்னு" என்றேன்.

"வண்டி சத்தம் சார். சரியா காதுல விழல."

அவனுடைய காதில் ஒரு கோளாறும் இல்லை. இன்னொரு முறை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவன் கிளாசை அலசி முடித்துக் கவிழ்த்தான். "தட்ட பெஞ்சு மேல வைங்க. கை ஈரமா இருக்குது."