குலசிங்கம் அண்ணைக்கு வேண்டிய நெருப்பு

கனடாவில், ஸ்காபரோவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் எனக்கும் குலசிங்கம் அண்ணைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் பிள்ளைகளைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். ஒஷாவாவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசிவரை வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத மனிதர். கோப்பிக் கடையில் தவறுதலாகச் சீனி போட்டுக் கொடுத்துவிட்டாலும், நீரிழிவுக்காரர், பேசாமல் குடித்துவிட்டு வருவார். அதற்கு மனைவி மங்கையற்கரசி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அதுவும் எனக்குக் கேட்கும்.

அப்படிப்பட்டவர் அக்கா செத்துப்போன பிறகு ஒரேயொரு விடயத்துக்கு ஒற்றைக்காலில் நின்றார். ஹோலில் குளிர்காய்கிற காஸ் பயர்பிளேஸை எடுத்துவிட்டு, விறகு வைத்து எரிக்கிற திறந்த அடுப்பாக மாற்ற வேண்டும். அதுவும் அக்காவின் முதல் வருட ஆட்டைத்திவசத்துக்கு முன்னம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணை, சுவிற்சைத் தட்டினால் பத்துது. உங்களுக்கு உது காணாதோ?"

"அந்தச் சுவிற்சுதான் தங்கச்சி எனக்கு வேண்டாம்" என்றார். வயது போனால் வருகிற பிடிவாதம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மகள் துர்க்கா கல்கரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். "றெஜினா அன்ரி, ப்ளீஸ் அப்பாவோட கதையுங்கோ. ஹி இஸ் நொட் லிசினிங். அது அம்மா இருந்த இடம்." அது உண்மைதான். அக்கா எப்போதும் அந்த அடுப்புக்கு முன்னால்தான் இருப்பா. செத்தவீட்டுக்கு வந்து தங்கிய துர்க்கா, அம்மாவின் நினைவுக்கென்று அந்தக் குளிர்காலம் முழுக்க அதை அணைக்காமலே வைத்திருந்தாள். அண்ணை அந்தப் பக்கமே போகாமல் குசினிக்குள் குந்திக்கொண்டிருந்தார்.

காஸ் வேலை செய்கிற பிரசாந் வந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி உள்ளே ரோர்ச் அடித்தான். "அங்கிள், இதுக்குச் சிம்னியே இல்லை. பின்சுவராலை ஒரு பைப் போகுது, அவ்வளவுதான். உந்த விறகும் விறகில்லை, மண்ணிலை செய்தது. மாத்தேலாது. கூரைவரைக்கும் புதுச் சிம்னி கட்டவேணும்."

"அப்ப கட்டுவம்" என்றார் அண்ணை.

கட்டுவதற்கு இந்த வீட்டுத் தொகுதியின் கொண்டோ நிர்வாகம் விடவேண்டுமே! கூரை உங்களுடையதல்ல என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கடனை முப்பது வருடம் கட்டி முடித்தவருக்குக் கூரை சொந்தமில்லையாம். எனக்கே வயிறு எரிந்தது. அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

திவசத்துக்கு முந்திய ஞாயிறு, நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் புகை அலாம் அலறுகிறது. ஓடினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. வீடு முழுக்கப் புகை. மனிதர் காஸ் வால்வைப் பூட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, கடையில் வாங்கிய விறகை அந்த மண் விறகுகளின் மேல் அடுக்கிக் கொளுத்தியிருக்கிறார். நான் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, யன்னல்களைத் திறந்து, கதிரையில் ஏறி அலாமின் பற்றரியைப் பிடுங்கினேன்.

"உங்களுக்கென்ன விசரோ அண்ணை? எங்களையும் சேத்து எரிக்கப் பாத்தீங்களோ?"

நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அண்டைக்கு நான் அவளுக்குக் கொள்ளி வைக்கேல்லை, தங்கச்சி."

"நீங்கள்தானே எல்லாம் செய்தனீங்கள். நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

"தகனச்சாலையிலை பொத்தானைத்தான் அமத்தினனான். கதவுக்கு அங்காலை பக்கெண்டு ஒரு சத்தம். இந்தச் சுவிற்சைப் போட்டாலும் அதே சத்தம்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆண்பிள்ளை இல்லாததால் கடமை அவருடையது. தகனச்சாலைக்குள் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம். ஐயர் ஒரு கட்டிக் கற்பூரத்தை அவர் கையில் கொடுத்து, கொளுத்தாமல் சும்மா சவப்பெட்டிக்கு மேலே வைக்கச் சொன்னார்.

"கொளுத்தாத கற்பூரத்தை எப்பிடி வைக்கிறது? கோட் பொக்கற்றுக்கை போட்டிட்டன். இந்த வீட்டிலை, அவள் இருந்த இடத்திலை, விறகு அடுக்கி அதை வைச்சு என்ரை கையாலை ஒருக்காப் பத்தவைப்பம் எண்டு பாத்தன்." புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று முதலில் வெறும் விறகை எரித்துப் பார்த்தாராம். கற்பூரத்தை வீணாக்கக்கூடாது அல்லவா!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எங்கள் கோயிலிலும் இப்போது மெழுகுதிரி இல்லை. பொத்தானை அமத்தினால் சின்ன பல்ப் ஒன்று எரிகிறது. அதற்கு முன்னால்தான் நானும் அக்காவுக்காக முழங்காலில் நின்றேன்.

"ஒரு கட்டிக் கற்பூரத்துக்குச் சிம்னி என்னத்துக்கு அண்ணை? ஒரு தட்டுக் காணும். எடுத்துக்கொண்டு வாங்கோ, இப்பவே கொளுத்துவம்."

சாமித்தட்டை எடுத்து வந்து அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். படம் அந்தப் பயர்பிளேஸுக்கு மேலே உள்ள பலகையில்தான் இருந்தது. படத்துக்குப் பின்னாலிருந்து, அந்தக் கற்பூரத்தை அன்றே முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரம் எடுத்தது. விரித்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. வாசம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"ஆர் எடுத்தது?" என்று என்னைப் பார்த்தார். யார் எடுப்பது? கற்பூரம் காற்றுப் பட்டால் கரையும் என்பது அவருக்கும் தெரியும். கீழே ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிய, அந்தச் சூட்டில் கிடந்திருக்கிறது.

"கடையிலை புதுசு வாங்கிக்கொண்டு வாறன் அண்ணை."

"வேண்டாம் பிள்ளை." கைக்குட்டையைத் தடவிப் பார்த்தார். "இதையும் அந்தக் காஸ்தான் எரிச்சிருக்கு."

பிறகு கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் கதிரையில் ஏறி, அலாமுக்குப் பற்றரியைத் திருப்பிப் போட்டேன்.