சூரியனுக்கு அம்மை போட்ட வாரம்

எங்கள் தாய்மாமா அம்பாசமுத்திரம் தபால் ஆபீசில் தந்தி அடிக்கிற வேலையில் இருந்தார். அவரும் அத்தையும் எங்கள் வீட்டோடுதான் இருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் அந்த வேலை போகிற நிலை வந்தது.

அன்று அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். தந்திக் கருவி தானாகக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு எழுத்தும் தேறவில்லை. மாமா வியர்த்துப்போய், பாட்டரி ஜாடியிலிருந்து வந்த கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அது அடித்தது. நான் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாளே மாமாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினார், அதனால்தான் தந்திகள் போய்ச் சேரவில்லை என்று புகார். அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

கம்பி பழுது பார்க்கிறவர் ஒருவர் மட்டும், சூரியனில் கரும்புள்ளி விழுந்தால் இப்படி ஆகும் என்றாராம். கொடைக்கானல் மலையில் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிற துரைமார் அப்படிச் சொல்கிறார்களாம். மாமா உடைந்த விளக்குச் சிம்னியில் புகை பிடித்து, பொழுது சாயும் நேரத்தில் எங்களுக்குக் காட்டினார். சூரியனில் கருப்பாய் ஒரு பொட்டு, பக்கத்திலேயே சின்னதாய் இன்னொன்று.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏலே, இது முத்துல்லா! அவருக்கு அம்மை போட்டிருக்கு."

"எக்கா, வேல போவப்போவுதேன்னு நான் கெடக்கேன்..."

"காய்ச்சல் கூடிட்டுன்னா ஜன்னியில உளறத்தானே செய்வாரு. ஒன் கம்பியில கேட்டது அதுதாம்லே."

அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு இல்லை. வாசலில் வேப்பிலை தொங்கியது.

"மதினி, அவருக்கு வேப்பில கட்டுனா இவருக்கு வேல வந்துருமாக்கும்?" என்று அத்தை முணுமுணுத்தாள்.

மேலதிகாரி விசாரிக்க வீட்டுக்கே வந்தார். கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். வெளி ஆட்கள் முன்னால் இன்றைக்கும் எனக்கு வாய் எழும்பாது. அன்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா கம்பியக் கழத்துனாரா, பாப்பா?"

"கழத்துனாவ."

அத்தை என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அனுமதி இல்லாமல் கழற்றுவதே குற்றமாம்.

"கழத்துன பொறவு?"

"பொறவும் அடிச்சிது. கம்பி மாமா கையிலதான் இருந்திச்சி. சூரியனுக்குக் காய்ச்சல்லா, உளறுதாரு."

அதிகாரி சிரிக்கவில்லை. "தூத்துக்குடியிலயும் இதையேதான் சொல்லுதான், பாட்டரி இல்லாமலே அடிச்சிதுன்னு" என்று தனக்குள் பேசுவதுபோல் சொல்லிவிட்டு எழுந்தார்.

வேலை போகவில்லை. கம்பியைக் கழற்றிய குற்றத்துக்கு மாமாவை வள்ளியூருக்கு மாற்றினார்கள். என் வாயால்தானே ஊரை விட்டுப் போகிறார் என்று வண்டியில் சாமான் ஏற்றுகிற வரைக்கும் அழுதேன். மாமா சிரித்துக்கொண்டே வண்டியேறினார். அத்தை தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டுப் போனாள். எங்களை விட்டுப் போகிறதில் இவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று, எனக்கு ரொம்ப நாள் கோபம்.