வாந்தி வருமுன் ஒரு மாத்திரை

"பசி வந்தா சோறு, வலி வந்தா மாத்திரை" என்பது எங்கள் லயத்துப் பேச்சு. மலேசியாவில், கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிய காலம், தொண்ணூறுகளின் தொடக்கம். மார்பில் வந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்துவிட்டு, ஆறு தடவை கீமோ ஊசி போடணும் என்றார்கள். இரண்டுக்கே குடல் வாய்க்கு வந்துவிட்டது. மூன்றாவதுக்குப் போன அன்று, "போதும் டாக்டர், விட்டுடுங்க" என்று சொல்லத்தான் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் வழியெல்லாம் கெஞ்சினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கூப்பிடுமுன் வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், என்று நினைத்தேன்.

"மிஸ்ஸி இல்லக்கா, ஃபார்மசிஸ்ட். உங்க மருந்தெல்லாம் பாக்கிறவ."

மருந்து கொடுப்பவர்கள் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. என் பையை வாங்கி மடியில் கொட்டினாள்.

"வாந்தி மாத்திரை அப்படியே இருக்கே?"

"நல்லா இருக்கிறப்ப எதுக்கும்மா மருந்து? வாந்தி வந்ததும் ஒண்ணு போட்டேன். அதுவும் சேந்து வெளிய வந்திருச்சி. அப்புறம் தொடல. இன்னிக்கு ஊசியே வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "இருவது வருசமா மரம் வெட்டுறாம்மா இவ. வாளியில பால் கட்டின பொறவா அமோனியா ஊத்துவா? நல்லாக் கேளு!"

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. நான்தான் சொன்னேன்: பால் உறையாமலிருக்க முன்னாலேயே ரெண்டு சொட்டு விடுவோம், உறைந்துவிட்டால் ஒரு போத்தல் ஊற்றினாலும் பலனில்லை என்று. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேருமே சிரித்தோம்.

டாக்டர் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஊசிக்கு முன்னால் போட இன்னொரு மருந்தும் சேர்த்தாகிவிட்டது. வீட்டில் மூன்று நாளைக்கு, குமட்டினாலும் குமட்டாவிட்டாலும், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள்.

"வேணாம்னு சொல்றது உங்க இஷ்டம்க்கா. இந்த ஒரு தடவ மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க லா."

போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவைதான் குமட்டியது. மறுநாள் காலையில் பொரித்த நெத்திலியோடு கஞ்சி கேட்டேன். வீட்டுக்காரர் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

நாலாவது ஊசிக்கு நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர்தான் உள்ளே சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். "பஸ்ஸு நமக்காக நிக்குமா?" என்று சத்தம் போட்டேன்.