கை நனைக்காதவன்

நேற்று மாலை எதிர்வீட்டு டெலிவிஷனில் கால்பந்து. பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். எங்கள் பெட்டி ரிப்பேருக்குப் போயிருப்பதால் நானும் வாசல் ஓரமாக ஒரு நாற்காலியில். திடீரென்று எல்லோரும் 'கோல்' என்று கத்திக்கொண்டு எழுந்தார்கள். திரையில் ஓர் அணி முழுவதும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களை அல்ல. கறுப்புச் சட்டை போட்ட ஒரு மனிதர், யாரும் தொடாமல், நடுக்கோட்டை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து போனார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சார், கோலைப் பாத்தீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். பார்த்தேன் என்றேன். ரெப்ரி மூக்கைத் துடைத்ததைப் பார்த்தேன் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

நானும் ஒரு காலத்தில் ரெப்ரியாக இருந்தவன். சிரிக்காதீர்கள். என் உடம்பைப் பார்த்தால் நம்ப முடியாதுதான். அப்போது இதில் பாதிதான் இருந்தது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ராமேஸ்வரம் தீவில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே கருவாட்டுக் கூடைகளுக்கு ரசீது எழுதும் குமாஸ்தா நான். வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் சிக்கல் பக்கம். நடந்தே போகிற தூரத்தில் கடல் இருந்தும் எங்கள் குடும்பம் அதனுடன் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டதில்லை. தீவுக்கு வந்த ஒரே மாதத்தில் கருவாட்டு வாசனை சட்டையில் ஏறி, தோலில் ஏறி, அப்புறம் பெயரிலும் ஏறிவிட்டது என்றே நினைக்கிறேன். லீவில் ஊருக்குப் போனால் முதலில் வரவேற்றது பூனைகள்தான். இன்றைக்கும் கடைத்தெருவில் அந்த வாசனை வந்தால் மனைவி மூக்கைப் பொத்துகிறாள், நான் நின்றுவிடுகிறேன்.

ஸ்டேஷனை ஒட்டிய ஊர் முழுக்க வலைக்காரர்கள், கத்தோலிக்கர்கள். மாதா திருவிழா முடிந்த மறுவாரம் கீழக்கரையிலிருந்து ஓர் அணி படகேறி வரும். கடற்கரை மணலில் ஆட்டம். பரிசு ஓர் ஆட்டுக்கிடா. இந்த ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: விசில் பிடிக்கிறவன் இரண்டு ஊரிலும் எந்த வீட்டிலும் கை நனைத்திருக்கக் கூடாது. ஒரு வாய்ச் சோறு உள்ளே போனால் விசில் அந்தப் பக்கமே சாயும் என்பது அவர்கள் கணக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போடும் இரண்டு ஊரும் இதில் மட்டும் ஒற்றுமை.

என்னிடம் ரயில்வே விசில் ஒன்று இருந்தது. கை நனைக்க யாரும் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. வேறென்ன தகுதி வேண்டும்? விதிகளை ஊர் அணியின் கேப்டன் ராயப்பன் சொல்லிக் கொடுத்தார். முப்பது வயது, படகுக்காரர், வாரம் மூன்று நாள் கருவாட்டுக் கூடைகளோடு என் ஜன்னலுக்கு வருகிறவர். ஆஃப்சைடு மட்டும் அவருக்கும் விளங்காத விஷயம். அதனால் அந்தத் தீவில் ஆஃப்சைடே கிடையாது.

பதவி ஏற்ற பிறகுதான் அதன் விலை தெரிந்தது. ரெப்ரியைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஊரே என்னைக் காவல் காத்தது. கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வீடு கறி கொதிக்கிறது. எதிரே வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், நலம் கேட்கிறார்கள், வாய் தவறி 'வாங்க' என்று சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வேகமாக நடக்கிறார்கள். நான் குவாட்டர்ஸுக்கு வந்து என் கையாலேயே பொங்கிய குழைந்த சோற்றைச் சாப்பிட்டேன். ரயில் போன பிறகு ஒரு சின்ன ஸ்டேஷனில் இருக்கும் அமைதி உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளம்கூட நம்மைப் பார்க்காது.

ஒரே ஒரு தடவை அந்தக் காவல் உடைந்தது. மாசி மாதத்தில் கடுமையான காய்ச்சல். கூடைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தவனை ராயப்பன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள். அவர் மனைவி ஆரோக்கியம் ஒரு மண்சட்டியில் கஞ்சியும் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொடுத்தார். வெள்ளிக் கோப்பையில் பாயசம் கொடுத்தவர்களை எல்லாம் பிற்பாடு மறந்திருக்கிறேன். அந்தச் சட்டியின் விளிம்பில் இருந்த உடைசல்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்காம் நாள் கிளம்பும்போது ராயப்பன் வாசல்வரை வந்தார்.

"வெளிய சொல்லிறாதீங்க சார். அப்புறம் ரெப்ரிக்கு எங்கன போறது?"

அந்த வருஷ ஆட்டத்துக்கு வருகிறேன். அணிக்கு ஒரு கோல், கடைசி நேரம். கச்சான் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. உயர அடித்த பந்தெல்லாம் கடலுக்குப் போய், பையன்கள் நீந்தி எடுத்து வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு (பாருங்கள், 'எங்கள்' என்று எழுதிவிட்டேன்) ஒரு வியாதி உண்டு. பந்து காலில் கிடைத்தால் பெற்ற பிள்ளை மாதிரி, இன்னொருவனிடம் கொடுக்க மனசு வராது. அன்று காற்றுக்குப் பயந்து தரையோடு தட்டினார்கள். கோலியிடமிருந்து ஒருவனுக்கு, அவனிடமிருந்து அடுத்தவனுக்கு. வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு கிழவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எடுத்துவிட்டார். ஊரே பிடித்துக்கொண்டது. அந்தப் பாட்டின் ஒவ்வொரு இழுப்புக்கும் பந்து ஒரு கால் மாறியது. வலையின் இரண்டு கயிறும் ஒரே சீராகக் கரைக்கு வருகிற மாதிரி பதினொரு பேரும் சேர்ந்து முன்னே வந்தார்கள். ஒருவனும் பந்தை ஒரு மூச்சுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ராயப்பன் கால் பட்டு அது உள்ளே போனது. போனது என்பதைவிட, வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

கரையேற்றியிருந்த வள்ளங்களில் ஏறிச் சந்தோஷத்தில் பாய்களை விரித்துவிட்டார்கள். தரையில் நின்ற படகுகள் காற்றில் புடைத்துக்கொண்டு, இதோ கிளம்பிவிடும் போல ஆடின. யாரோ மாதா கோயில் மணியை அடிக்க, சாவு என்று நினைத்துச் சாமியார் ஓடி வந்தார். பெண்கள் மணலை வாரி இறைத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விசிலைத் துப்பிவிட்டு ஓடிப்போய் ராயப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குதித்தேன் என்றும் பிறகு சொன்னார்கள்.

அம்பா நின்றது. கீழக்கரை கேப்டன் காதர் மெதுவாக நடந்து வந்தார். கண்ணியமான மனிதர், அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விசில் ஊதவில்லை, ஆகவே இது இன்னும் கோல் ஆகவில்லை என்றார். அப்புறம் ராயப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"இவரு உங்க ஊருல கை நனைச்சிருக்காரா?"

"இல்லண்ணே."

"ஒன் வீட்டுல?"

"இல்லண்ணே. சின்னப் பய, சந்தோசத்துல கட்டிப்பிடிச்சிட்டாரு. பக்கத்துல பனமரம் நின்னிருந்தா அதக் கட்டிப்பிடிச்சிருப்பாரு."

சிலர் சிரித்தார்கள். காதர் சிரிக்கவில்லை.

"ஆண்டவனுக்குப் பொதுவாச் சொல்லு. ஒனக்கும் இவருக்கும் எந்தப் பழக்கமும் இல்ல?"

ராயப்பன் ஊரைப் பார்த்தார். பாய்கள் விரிந்தபடி காத்திருந்தன. கூட்டத்தில் ஆரோக்கியம் முந்தானையை வாயில் வைத்தபடி நின்றார்.

"ரயில்வே ஆளு. அவ்வளவுதாண்ணே தெரியும்."

காதர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி."

"இல்லை," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு இங்கே யாரும் இல்லை" என்றும் சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. முதலாவது பொய். இரண்டாவது, சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில் உண்மையாகிவிட்டது.

காதர் குனிந்து மணலிலிருந்து விசிலை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, என் கையில் வைத்தார். ராயப்பன் வார்த்தை போதும், ஊதுங்கள் என்றார். ஊதினேன். வாயெல்லாம் மணல். ஊர் மறுபடியும் வெடித்தது. ராயப்பனைத் துடுப்புகளின் மேல் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் நடுக்கோட்டுக்கு நடந்தேன். கடிகாரம் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

கிடாவை அன்றே வெட்டிக் கடற்கரையில் பெரிய அண்டாவில் ஏற்றினார்கள். கீழக்கரைக்காரர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தோற்றவர்களுக்கு அங்கே இலை உண்டு. எனக்கு முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. காற்று என் பக்கம்தான் அடித்தது. மசாலா வாசனையை ஜன்னலைச் சாத்தித் தடுக்கப் பார்த்தேன். ரயில்வே ஜன்னல், சரியாகச் சாத்தாது.

மறுநாள் ராயப்பன் கூடைகளோடு வந்தார். ரசீதை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"எம் பேருக்குரிய புனிதரும், ஆண்டவரப் புடிச்சிட்டுப் போன ராத்திரியில, அவரத் தெரியாதுன்னு மூணு தடவதான் சொன்னாரு சார். கோயில்ல அத வாசிக்கையில சின்ன வயசுல நான் சிரிச்சிருக்கேன்."

பரவாயில்லை, நல்ல கோல் என்றேன்.

"நல்ல கோலுதான்," என்றார். பிறகு, கண்ணைப் பார்க்காமல், அடுத்த வருஷமும் நான்தான் ரெப்ரி என்று காதர் அண்ணனே சொல்லிவிட்டதாகச் சொன்னார். இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் இவ்வளவு மரியாதையாக அறிவித்திருக்க முடியாது.

அடுத்த வருஷம் வருவதற்குள் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் காலையில் ராயப்பன் ஓட்டமாக வந்தார். "இனிமே நீங்க ரெப்ரி இல்லைல சார். வீட்டுக்கு வாங்க, சோறு ஆக்கிட்டா." ரயில் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. விசில் ஊதியவர் வேறொருவர்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். ஆட்டம் நடந்த மணலில் ஐஸ் பேக்டரி. வள்ளங்களில் பாய் இல்லை, மோட்டார். கீழக்கரையிலிருந்து இப்போது யாரும் ஆட வருவதில்லையாம். அங்கே இளவட்டங்கள் எல்லாம் வளைகுடா நாடுகளில். ராயப்பன் வீடு இருந்த இடத்தில் வலைக் கயிறு விற்கும் கடை. கடைக்காரர் இளைஞர், மரியாதையானவர். அந்தக் குடும்பத்தில் யாருமே மிச்சமில்லை என்றார். நீங்கள் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

இங்கே ரெப்ரியாக இருந்தேன் என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். உள்ளே இருந்த பெரியவரிடம் கேட்டுவிட்டும் வந்தார்.

"இல்ல சார். இங்க யாருக்கும் உங்களத் தெரியாது."

மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே தடவையில் சொல்லிவிட்டார். அது பொய் என்று சொல்ல, அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.