தனம் அக்காவின் கட்டைவிரல்

செந்தூல் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருக்கும் தனலெட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கிராணி என்கிற குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு கோப்பு காணாமல் போனதில்லை, ஒரு தேதி தவறியதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே வாரத்துக்கு ஒருமுறை சொல்வார்.

அந்த மாடிக்காரர்களின் இணைய வேலை முழுவதும் தனம் அக்கா தலையில்தான். வருமான வரி, பஸ் டிக்கெட், கோயில் மண்டபப் பதிவு, பிள்ளையின் பள்ளி மாற்றம், எதுவானாலும் கதவைத் தட்டுவார்கள். "பாஸ்வேர்டு என்ன?" என்று அக்கா கேட்பார். தெரியாது என்பார்கள். மூளையைக் காய்கறிப் பாசாரில் விட்டுவிட்டு வந்தாயா என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் உட்காருவார். ஆனால் உட்கார்ந்தால் முடிக்காமல் எழமாட்டார்.

இத்தனை பேர் பாஸ்வேர்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போனவள் அம்பாங்கில் இருக்கும் அண்ணன் மகள் வாணி. நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அத்தையின் கைப்பேசியில் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. நீளமாக இருக்கட்டும், தினமும் உங்கள் வாயில் வருகிற ஒரு வாக்கியமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அக்கா கொஞ்சம் யோசித்து, தனக்குள் சிரித்துக்கொண்டு, வாணியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு கட்டைவிரலை வைத்தாலே பெட்டி திறந்ததால் அந்த வாக்கியத்துக்கு வேலையே வரவில்லை.

போன வருடத்திலிருந்து இணையத்தளங்கள் ஒவ்வொன்றாக, பாஸ்வேர்டு வேண்டாம், பாஸ்கீ வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்க ஆரம்பித்தன. விரலை வைத்தால் உள்ளே போகலாம், மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். யார் வந்தாலும் தன் கைப்பேசியிலேயே சரி சரி என்று அழுத்தி, தன் விரலையே வைத்து, பாஸ்கீயைத் தன் பெட்டியிலேயே சேமித்தார். இப்படியாகப் பதினேழு குடும்பத்தின் கணக்கும் தனம் அக்காவின் கட்டைவிரலுக்குத்தான் திறந்தது. இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, பதினேழு குடும்பத்துக்கும் தோன்றவில்லை. அக்காதான் இருக்கிறாரே!

ஒன்பதாவது மாடியில் கன்னையா இருந்தார். ரயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடத்துக்கு முன் மனைவி இறந்தபின் காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தினமும் ஏழரைக்குக் கீழே லிப்ட் வாசலில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். அக்கா கேட்பார், அவர் சாப்பிட்டேன் என்பார். பொய்யென்று தெரிந்தால் அக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. மிஸ்டர் கன்னையா, மிஸ் தனம் என்பதைத் தாண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கைப்பேசி வாளித் தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, அரிசியில் புதைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தும் உயிர் வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் அதே மாடியில் இருக்கும் அமுதவள்ளிக்கு அந்த வாரம்தான் தீபாவளி பஜாரில் கடை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள், முறுக்கு சுடுவதில் கெட்டிக்காரி. மூன்று வருடமாக மனுப் போட்டு இப்போதுதான் பெயர் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இணையத்தில் போய் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுடைய அந்தக் கணக்கும், மின்னஞ்சலும், எல்லாமே அக்காவின் பெட்டிக்குள்.

அக்கா பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினார். கைப்பேசிக் கடை ஜீவன் புதியது ஒன்றை எடுத்து, பழைய எண்ணைப் போட்டு, அந்த ஆப்பையும் இறக்கிக் கொடுத்தான். அது மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டது. அக்கா கட்டைவிரலை வைத்தார். மறுபடியும் கேட்டது. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தி வைத்தார்.

"இதே விரல்தானே தம்பி, நேத்து வரைக்கும் தொறந்துச்சே?"

"புது போனுக்கு உங்க விரல் தெரியாதுக்கா. பாஸ்கீ எல்லாம் செத்துப்போன போன்ல இல்ல, அந்த ஆப்போட பெட்டியில பத்திரமா இருக்கு. மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டா இதுல வந்துரும். ஆனா அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கம்பெனிக்காரனுக்கே தெரியாது லா."

வீட்டில் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று அக்கா கம்பீரமாக வெளியே வந்தார். எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் அந்த வாக்கியத்தை யோசித்துப் பார்த்தார். ஒரு சொல் கூட நினைவுக்கு வரவில்லை.

தினமும் வாயில் வருகிற வாக்கியம் என்பது மட்டும் தெரியும். அக்காவின் வாயில் தினமும் வருவது ஒன்றா இரண்டா? லிப்ட் கதவைப் பிடி என்று தட்டிப் பார்த்தார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று தட்டினார். மூளையைப் பாசாரில் விட்டதையும் தட்டினார். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றது ஆப். பொறுத்து, திட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, அடித்து அடித்துக்கொண்டே வந்தார். நாற்பது வசவுகள் தேறின, ஒன்றும் திறக்கவில்லை. வாணியைக் கூப்பிட்டுக் கேட்டால், என்னைத்தான் திரும்பி நிற்க வைத்தீர்களே அத்தை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கீழே இறங்கவே இல்லை. பஜார் நடத்துகிற குழுவுக்குப் போன் போட்டார். கணக்கை மாற்ற மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள். இரண்டு மணிக்கு அமுதவள்ளி வந்தாள். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லை அக்கா அன்று சொன்னார்.

"மறந்துட்டேன் அமுதா."

அமுதவள்ளி, "பரவாயில்லக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போனாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் அக்காவுக்குத் தாங்கியிருக்கும். இவள் பரவாயில்லை என்றதைத்தான் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

நாலு மணியைத் தாண்டியிருக்கும். வாசலில் கன்னையா வந்து நின்றார். ஐந்து வருடத்தில் அவர் எட்டாவது மாடியில் லிப்டை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

"உடம்புக்கு ஒன்னும் இல்லையே மிஸ்?"

இல்லை என்று அக்கா தலையாட்டினார்.

"இல்ல, இன்னிக்குக் காலையில நீங்க என்னைக் கேக்கல. அதான் வந்தேன்."

"என்ன கேக்கல?"

"தினமும் கேப்பீங்களே. மிஸ்டர் கன்னையா, சாப்ட்டாச்சான்னு."

அக்கா அவரையே பார்த்தார். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. சட்டென்று எழுந்து, அந்த நல்ல மனுஷன் முகத்திலேயே கதவைச் சாத்தினார்.

உள்ளே போய் அந்தக் கேள்வியை அப்படியே தட்டினார். பெட்டி திறந்தது. பதினேழு குடும்பமும் வரிசையாக வந்து நின்றன. அக்கா இத்தனை நேரமும் நாற்பது வசவுகளில் தேடியது வசவே இல்லை. அமுதவள்ளியின் கணக்குக்குள் போய், புதிய கைப்பேசிக்குக் கற்றுக்கொடுத்திருந்த அதே கட்டைவிரலை வைத்து, ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தியபோது மணி நாலு முப்பத்தெட்டு. கதவைத் திறந்து மாடி முழுக்கக் கேட்கும்படி அமுதாவைக் கூப்பிட்டார். கன்னையா போய்விட்டிருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்கா எல்லாரையும் வரிசையில் உட்கார வைத்து, அவரவர் கைப்பேசியில், அவரவர் விரலுக்கு ஒரு பாஸ்கீ போட்டுக் கொடுத்தார். எனக்கு எதற்கு, நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று முனகியவர்களுக்குத் தனித்தனியாகத் திட்டு விழுந்தது. மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள் என்று வாணி சொல்லியிருந்தாள். அக்கா எழுதினார். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் வக்கீல் ஆபீஸ் பழக்கத்தில் கையெழுத்தும் போட்டு, ஒன்பதாவது மாடிக்கு ஏறினார்.

"எனக்கு ஏதாச்சும் ஆனாத்தான் திறக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார். கன்னையா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏழரைக்கு லிப்ட் வாசலில் அக்கா வாயைத் திறப்பதற்குள், "சாப்ட்டேன்" என்றார் கன்னையா.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"எழுதியே கொடுத்துட்டீங்களே மிஸ்."

திறந்துவிட்டாரா என்று ஒரு பாட்டம் திட்டத்தான் அக்கா நினைத்தார். அதற்குள் அவர் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டி, "நீங்க சாப்ட்டாச்சா?" என்று கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் திருப்பிக் கேட்டதில்லை.

ஆறரைக்கே மூன்று தோசை சாப்பிட்டு, கோப்பியும் குடித்துவிட்டு இறங்கிய தனம் அக்கா, இன்னும் இல்லை என்றார்.