பட்டியலில் இல்லாத விளக்கு

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் மின்சார இலாகாவில் வீட்டு வயரிங்கைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். அந்த வேலைக்கு அதுதான் முதல் தகுதி என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வீட்டைப் புதுப்பித்துவிட்டு, கூடுதலாக நாலு விளக்கு கேட்டு மனுப் போடுவார்கள். நான் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவை எரியும். அதனால் போகிற வீட்டிலெல்லாம் என்னையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். காபி வரும், குடிக்க மாட்டேன். காபியை வேண்டாம் என்கிறவன் பெரிதாக ஏதோ கேட்கப் போகிறான் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

அந்த வீடு கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு தெருவில் இருந்தது. சொந்தக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்கட்டை மட்டும் இடித்துக் கட்டியிருந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரை முகம் பார்க்கலாம் போல இருந்தது. சுவரில் மரச் சட்டத்தின்மேல் புது வயர் நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்தாலே எனக்கு உறுத்தும்.

மெயினை அணைத்தேன். பல்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, கைப்பிடி வைத்த சோதனைப் பெட்டியை இணைத்துச் சுற்றினேன். வயர் நன்றாக இருந்தால் அதன் முள் மேலே ஏறும், எங்காவது மின்சாரம் கசிந்தால் ஏறாமல் காட்டிக்கொடுத்துவிடும். கூடத்து லைன் சரியாக இருந்தது. அடுக்களை லைனில் முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. அடுக்களை பழைய பகுதி, மனுவோடு வந்த பட்டியலில் அங்கே ஒரே விளக்குதான். அதையும் கழற்றியாயிற்று. அப்படியானால் அந்த லைனில் வேறு ஏதோ தொங்கிக்கொண்டிருக்கிறது.

"அடுக்களையைத் தாண்டி எங்கேயாவது லைன் போகுதா ஐயா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்பிடிக் கேக்கறீங்க? லிஸ்ட்டுல இன்னா கீதோ அதான் வூட்ல கீது" என்றார்.

வேலை செய்த வயர்மேன் பக்கத்திலேயே நின்றார். அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அது போதும். அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியாகக் கரி பிடித்த வயர் ஒன்று வெளியே போயிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கிணறு, மாட்டுக் கொட்டகை, அதையொட்டி ஒரு சின்ன அறை. வயர் அந்த அறையின் ஜன்னலுக்குள் நுழைந்தது. கதவு சாத்தியிருந்தது.

"திறங்க ஐயா."

"அது முடியாது சார். மருமக வூட்டுக்குத் தூரம். மூணு நாளு அங்கதான் இருப்பா. யாரும் கிட்டப் போறதில்ல."

நான் நம்பவில்லை. கணக்கில் வராத விளக்கு எரிக்கிறவர்கள் இப்படி எத்தனையோ சொல்வார்கள். பூஜை அறை என்பார்கள், குழந்தைக்கு அம்மை என்பார்கள். இந்த அறைக் கதவை நீங்கள் திறக்காவிட்டால் இருக்கிற இணைப்பையும் துண்டிக்க எழுதிவிடுவேன் என்று கத்தினேன். அவர் என்னைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "உங்களுக்கு இன்னா வேணும், அதச் சொல்லிடுங்க சார்" என்றார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

கதவு தானாகவே திறந்தது. இருபது வயதுக்கு மேல் இராது அந்தப் பெண்ணுக்கு. யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். அப்போதுதான் கழுவிவிட்டிருந்த தரை ஈரமாக இருந்தது. சுவரில் பித்தளை மூடி போட்ட சுவிட்சு ஒன்று. கூடத்திலிருந்து கழற்றிய பழைய சுவிட்சாம். "சும்மாதான கெடந்துச்சு, பெரியவரு இங்க போடச் சொன்னாரு" என்று வயர்மேன் வாசலிலிருந்தே முனகினார். வயரின் துணிச்சுற்று நைந்து, கம்பி பித்தளை மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆணியில் ஒரு காய்ந்த மூங்கில் குச்சி.

"இது எதுக்கும்மா?" என்று கிணற்றடிப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"சுவிட்சு போடறதுக்கு சார். கையில தொட்டா இழுக்குது. ரெண்டு தபா தூக்கி அடிச்சிச்சு. அப்பறந்தான் குச்சி வச்சிக்கினேன்."

ஈரத் தரை, வெறுங்கால். அவசரத்தில் ஒரு நாள் குச்சியை மறந்தால் போதும், ஆள் காலி. மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்காத அறையில் கேட்கவா வேண்டும்? பெரியவரிடம் அதை முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முகம் கறுத்தது, எனக்குத் திருப்தியாக இருந்தது. புது வயர் இழுத்துப் பீங்கான் சுவிட்சு போடும்வரை வீடு ஃபெயில் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். வயர்மேனைக் கூப்பிட்டார்.

"அந்த ரூமுக்கு லைட்டே வாணாம். வயர உருவிடு."

"ஒரு விளக்காவது இருக்கட்டுமே ஐயா" என்றேன்.

"இருக்கணும்னு எந்த ரூல்ல கீது சார்?"

எந்த விதியிலும் இல்லை. கோர்ட்டில் இருந்தவருக்கு அது தெரியாதா? வயர்மேன் ஐந்து நிமிஷத்தில் வயரையும் சுவிட்சையும் பிடுங்கி வெளியே போட்டார். மறுபடி பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். முள் நன்றாக ஏறி நின்றது. பட்டியலும் வீடும் ஒத்துப்போயின.

அந்தப் பெண் வாசற்படிக்கு வந்து உள்ளே விளக்கு இருந்த உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"ஷாக்கடிக்குதுன்னு தெரிஞ்சா புடுங்கிடுவாங்கன்னுதான் சார் நான் யார்கிட்டயும் சொல்லல. கொட்டாயாண்ட பாம்பு வருது. நான் உங்கள இன்னா சார் பண்ணேன்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. பெரியவர் கூடத்தில் காகிதத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.