ஜன்னலில் வைத்த டம்ளர்

ஆள் வைத்திருந்தாளாம்! சொல்கிறவர்கள் ரஞ்சனி டீச்சர் வாசலில் ஓர் ஆம்பிளைச் செருப்பை ஒருநாளாவது கண்டதுண்டா? நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். இரண்டு டம்ளர் இருந்ததே என்கிறார்கள். இருந்ததுதான், யார் இல்லையென்றது? ஏன் இருந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

மலை ஊரான காந்தலில் சாந்தாமணி வீட்டு மாடி அறைக்கு ரஞ்சனி குடிவந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. அப்பா தங்கையா சிலோனில் பிறந்து, சிறுவயதில் கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடித்தே காலத்தைக் கழித்த மனிதர். அவர் கண்ணை மூடியதும் எஸ்டேட்டில் தொழிலாளிக்குக் கொடுத்த லைன் வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கூடப்பிறந்தவர் இல்லை. கல்யாணமும் தள்ளித் தள்ளிப் போய் நின்றே போயிற்று.

பள்ளிக்கூடத்தில் அவள் பெற்றோர் கழகம் வைத்த தமிழ் டீச்சர். வருஷா வருஷம் அவர்கள் தலையை ஆட்டினால்தான் அடுத்த ஜூனில் வேலை. திங்கட்கிழமை முதல் பீரியடில் அவளுக்குக் குரலே எழும்பாது. சளி என்று பிள்ளைகள் நினைத்தார்கள். சளியாவது ஒன்றாவது! வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வாய் திறந்து பேச ஆள் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவள் கவிதை நயம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பாட்டைக் கொடுத்து, இதில் என்ன சொல்லியிருக்கிறது, எப்படிச் சொல்லியிருக்கிறது என்று எழுதச் சொல்வார்களே, அதுதான். பிள்ளைகளோ நோட்ஸில் உள்ள ஒரே பத்தியை உருப்போட்டு வைத்திருந்தார்கள். நிலாப் பாட்டானாலும் சாவுப் பாட்டானாலும் அந்தப் பத்திதான். ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்ததுபோல.

நோட்ஸில் கிடைக்காத பாட்டு வேண்டும் என்று அவளே நாலு வரி எழுதி போர்டில் போட்டாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

இரண்டு டம்ளர் கழுவினேன்.
ஒன்றில் தேநீர்.
மற்றதை ஜன்னலில் வைத்தேன்.
பனி வந்து குடித்தது.

"மையக்கருத்து என்ன?"

"இயற்கை வர்ணனைங்க டீச்சர்!" என்றான் அஸ்வந்த். வகுப்பே சிரித்தது.

ஜீவிதா எழுந்தாள். "தனியா இருக்கறதைப் பத்தின பாட்டுங்க. ஆனா இவங்க யாருக்காகவும் காத்திருக்கலீங்க."

"எப்படிச் சொல்றே?"

"நெசமா ஆளு வர்றதுன்னா அடுப்புக்கிட்ட வெப்பாங்கல்ல? இவங்க ஜன்னல்ல வெச்சிருக்காங்க. ஊட்டுக்கு யாரோ வர்றாங்கன்னு வீதில போறவங்க நெனைக்கோணும்னு."

ரஞ்சனி போர்டுப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை அழித்தாள். தனக்கே சொல்லிக்கொள்ளாததை அந்தப் பெண் வரி பிடித்து எடுத்துவிட்டாள். அன்று ஜீவிதா அதையே எழுதிக் காட்டிய நோட்டில் சிவப்பு மையில் "மிகச் சரி" என்று எழுதினாள்.

அந்த நோட்டை ஜீவிதா வீட்டில் சத்தமாகப் படித்தாள். அவள் அம்மா ஆண்டாயி கேரட் கழுவும் இடத்தில் வேலை பார்ப்பவள். வீடு சாந்தாமணி வீட்டுக்கு நேர் எதிரே. "ஜன்னல்ல டம்ளரா? அட, அது நம்ம டீச்சரூட்டு ஜன்னலாச்சே!" என்றாள். மறுநாள் கேரட்டோடு டீச்சரையும் சேர்த்துக் கழுவினார்கள். அடுப்பும் பனியும் உதிர்ந்துவிட்டன. யாரோ வருகிறார் என்பது மட்டும் ஊர் சுற்றியது.

கழகக் கூட்டம் கூடியது. அதற்கு முன்பே தலைமையாசிரியையான பெரிய டீச்சர் ரஞ்சனியைத் தனியே கூப்பிட்டார். "ஏதோ பழைய புஸ்தகத்துல எடுத்த பாட்டுன்னு சொல்லிடும்மா. புள்ளை தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்னு அந்த மிகச் சரியை அடிச்சுடு. ஜூன்ல உன்னை எடுத்துக்கறது என் பொறுப்பு."

நல்ல மனசோடுதான் சொன்னார். ரஞ்சனிக்கும் வேலை வேண்டும். அந்த வகுப்பை விட்டால் அவள் பேச்சைக் கேட்க உலகத்தில் வேறு காது கிடையாது.

தலைவர் பாலு நோட்டை மேஜையில் போட்டார். "ஏனுங் டீச்சர், இது யாரு பாட்டு?"

அம்மா பக்கத்தில் ஜீவிதா தலைகுனிந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம். பேனா ரஞ்சனி கையில்தான் இருந்தது. மூடியைத் திறந்தாள். ஒரு கோடு இழுத்தால் போதும், இனி அந்தப் பெண் எந்தப் பாட்டையும் நம்பிப் படிக்கமாட்டாள்.

மூடியைத் திருகி மூடினாள். "என் பாட்டுங்க. ஜீவிதா எழுதினது சரி."

"அவ என்ன எழுதியிருக்கான்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுமுங்க. நீங்கதான் கடைசி வரைக்கும் படிக்கலை."

யாரும் நோட்டைத் தொடவில்லை. மே மாதத்தோடு போதும் என்று முடிவாயிற்று.

பரீட்சைத் தாளெல்லாம் திருத்திக் கொடுத்த மறுநாள் காலை, ரஞ்சனி ஒரு பெட்டியும் ஒரு பையுமாகக் கீழே இறங்கினாள். கோயமுத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் கூப்பிட்டிருந்தார்கள். சாந்தாமணி சாவியை வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததைக் கடைசியில் கேட்டேவிட்டாள்.

"ஏனுங் டீச்சர், யாராச்சும் வந்து உங்களைக் கேட்டாங்கன்னா என்னன்னு சொல்றது?"

"யாரும் வரமாட்டாங்கக்கா," என்றாள் ரஞ்சனி. "ஒருநாளும் வந்ததில்லை."

ரஞ்சனி பெட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கதவைத் தள்ளி, தூறலில் இறங்கி நடந்தாள்.